கூரை, கோழி, வைகுண்டம்

2021 நவம்பர் 15. சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஏழு பேர் இருந்தார்கள். தரையிலிருந்து அவசர உத்தரவு போனது: அவரவர் விண்கலத்துக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொள்ளுங்கள், உடைசல் வருகிறது. ஏழு பேரில் இருவர் ரஷ்யர்கள். உடைசலை உண்டாக்கியதும் ரஷ்யாதான். காஸ்மோஸ்-1408 என்ற தன்னுடைய செத்துப்போன செயற்கைக்கோளைத் தானே ஏவுகணையால் அடித்து நொறுக்கியிருந்தது. கண்காணிப்பில் சிக்கிய துண்டுகள் மட்டுமே 1,500-க்கு மேல். சொந்த ராணுவத்தின் வெற்றிக்குப் பயந்து சொந்த நாட்டு வீரர்கள் ஒளிந்துகொண்டார்கள். ஆபத்து ஒன்றுமில்லை என்று மாஸ்கோ அறிவித்தது. அறிவித்தவர்கள் தரையில் இருந்தார்கள்.

விமானப் படை தனியாக, விண்வெளிப் பாதுகாப்புப் படை தனியாக எதற்கு, இரண்டும் மேலேதானே என்று 2015-ல் ரஷ்யா இரண்டையும் ஒன்றாகக் கட்டியிருந்தது. பிறகு வரிசையாகப் பெயர்கள் மாறின. பிரான்ஸ் 2020-ல் தன் விமானப் படையின் பெயரோடு விண்வெளியைச் சேர்த்துக்கொண்டது. 2022-ல் ஸ்பெயின். ஜப்பான் சேர்க்கப்போவதாக அறிவித்துவிட்டது. அமெரிக்கா மட்டும் நேர் எதிராக, 2019 டிசம்பரில் விமானப் படையிலிருந்து விண்வெளிப் படையைப் பிரித்தது. சேர்த்தால் பலம் என்கிறார்கள். பிரித்தாலும் பலம் என்கிறார்கள். எப்படிப் போனாலும் பில் கட்டுகிறவன் மாறுவதில்லை.

அந்தப் புதிய அமெரிக்கப் படை தன் சீருடையை 2020 ஜனவரியில் உலகுக்குக் காட்டியது. காட்டில் மறைந்துகொள்வதற்கான பச்சையும் பழுப்பும் கலந்த துணி. விண்வெளியில் எந்த மரத்துக்குப் பின்னால் ஒளிவீர்கள் என்று ஊரே கேட்டது. இருக்கிற துணியையே தைத்தோம், புதிதாக வடிவமைக்கும் செலவு மிச்சம் என்று பதில் வந்தது. அமெரிக்க ராணுவம் சிக்கனத்தைப் பற்றிப் பேசிய அபூர்வமான நாள். அதே ஆண்டு டிசம்பரில் வீரர்களை ‘கார்டியன்’ என்று அழைப்பதென்று முடிவானது. ஓராண்டு ஆலோசித்து எடுத்த முடிவாம்.

2023 பிப்ரவரியில் சீன பலூன் ஒன்று அமெரிக்காவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நிதானமாகக் கடந்து போனது. கடலுக்கு மேல் போன பிறகு எஃப்-22 விமானம் ஏறிப்போய், 4 லட்சம் டாலருக்கு மேல் விலையுள்ள ஏவுகணையால் அதைச் சுட்டது. கை பழகிவிட்டது. அடுத்த ஒரே வாரத்தில் இன்னும் மூன்று பொருள்களைச் சுட்டார்கள். ஹியூரான் ஏரிக்கு மேல் விட்ட முதல் ஏவுகணை குறி தவறி ஏரியில் விழுந்தது. யூகான் பகுதியில் சுட்ட பொருள், இல்லினாய்ஸ் மாநிலத்தில் பொழுதுபோக்காக பலூன் விடும் ஒரு கிளப்பினுடையதாக இருக்கலாம் என்ற சந்தேகம் இன்றும் தீரவில்லை. அவர்கள் பலூன் அந்த வட்டாரத்தில்தான் காணாமல் போனது. அந்த மாதிரி பலூனின் விலை 12 டாலரிலிருந்து தொடங்குகிறது. கோடிக்கணக்கான மைல் விண்வெளியை ஆளப் புறப்பட்டவர்கள், வானத்துக்கும் விண்வெளிக்கும் இடையில் ஒரு பலூனிடம் மாட்டிக்கொண்டார்கள்.

சிரிப்பை ஒரு நிமிடம் நிறுத்துவோம். ராணுவத்துக்கு வானும் விண்ணும் ஒன்றாகிவிட்டன என்பது பொய்யில்லை. 1985 செப்டம்பரில் அமெரிக்க எஃப்-15 விமானம் ஒன்று சரேலென மேலேறி, ஏவுகணை விட்டு, 500 கிலோமீட்டருக்கும் மேலே சுற்றிக்கொண்டிருந்த செயற்கைக்கோளை உடைத்தது. வேலி அன்றே விழுந்துவிட்டது. 1991 வளைகுடாப் போரில், அடையாளமே இல்லாத பாலைவனத்தில் படைகள் வழி தவறாமல் போனது ஜிபிஎஸ் தயவில். இன்று ஒரு போர் விமானம் கிளம்பினால் வழி சொல்வது செயற்கைக்கோள். வானிலை சொல்வது செயற்கைக்கோள். இலக்கைக் காட்டுவதும், அடி பட்டதா என்று படம் எடுப்பதும் அதுதான். வானம் எங்கே முடிகிறது, விண்வெளி எங்கே தொடங்குகிறது என்பதற்குச் சர்வதேசச் சட்டத்தில் கோடே கிடையாது. ஐ.நா. குழு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்தக் கோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறது. 100 கிலோமீட்டர் என்பது வழக்கம், சட்டமில்லை. ஆகவே, விமானப் படைக்கு விண்வெளி வேண்டும். ஒப்புக்கொள்வோம்.

நம் கேள்வி வேறு. விமானப் படைக்கு விமானம் இருக்கிறதா?

இந்திய விமானப் படையை ‘இந்திய வான் மற்றும் விண்வெளிப் படை’ என்று மாற்றும் யோசனை டெல்லியில் நடமாடுவதாக 2023 டிசம்பரில் செய்திகள் வந்தன. தளபதிகள் மேடைகளில் விண்வெளிக் கனவை விரித்தார்கள். நல்லது. கனவுக்குப் பட்ஜெட் ஒதுக்கீடு தேவையில்லை. கீழே இருக்கும் கணக்கைப் பார்ப்போம்.

விமானப் படைக்கு அரசே அனுமதித்த போர் விமான ஸ்குவாட்ரன்கள் 42. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானத்துக்கு வழியனுப்பு விழா நடந்தது. அத்தோடு எண்ணிக்கை 29 ஆனது. 1963-ல், நேரு பிரதமராக இருந்தபோது வந்த விமானம். 62 வருடம் பறந்தது. முதலில் ஓட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் ஓட்டும் வயதுக்கு வந்த பிறகும் பறந்தது. வெவ்வேறு மிக் ரகங்களில் மொத்தம் 872 வாங்கினோம், அதில் 482 விபத்துக்குள்ளாயின, 171 விமானிகள் இறந்தார்கள், பொதுமக்கள் 39 பேர் இறந்தார்கள் என்று 2012-லேயே நாடாளுமன்றத்தில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி சொல்லிவிட்டார். பாதிக்கு மேல். கேட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் 13 வருடம் ஓட்டினார்கள். விழாவில் தண்ணீர்ப் பீரங்கி மரியாதை, வீரப் பெருமிதம், கண்ணீர். விமானிகளின் கண்ணீர் உண்மையானது. மேடையில் இருந்த மற்றவர்களுக்கு எதற்கு அழுகை? மாற்று விமானம் வாங்குவதுதானே அவர்கள் வேலை.

மாற்று விமானத்தின் பெயர் தேஜஸ். 1983-ல் திட்டம். 2001 ஜனவரியில் முதல்முறையாகப் பறந்தது. 2016-ல் முதல் ஸ்குவாட்ரன். பிறகு அது நம் சூலூருக்கு வந்தது. திட்டம் போட்ட வருடம் பிறந்த குழந்தை, ஸ்குவாட்ரன் உருவானபோது தன் குழந்தையைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டிருக்கும். இதன் மேம்பட்ட வடிவம் மார்க் 1ஏ. 2021 பிப்ரவரியில் 83 விமானங்களுக்கு ஒப்பந்தம், ஏறத்தாழ 48,000 கோடி ரூபாய். முதல் விமானம் 2024 மார்ச்சில் வந்திருக்க வேண்டும். மிக்-21 விடைபெற்ற நாளில் எத்தனை வந்திருந்தன?

பூஜ்யம்.

அந்த வழியனுப்பு விழாவுக்கு முந்தைய நாள் என்ன நடந்தது தெரியுமா? தேஜஸைத் தயாரிக்கும் அதே ஹெச்ஏஎல் நிறுவனத்திடம் அதே ரகத்தில் இன்னும் 97 விமானங்களுக்குப் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. 62,370 கோடி ரூபாய், வரி தனி. 83-ல் ஒன்றைக்கூடக் கையில் தராதவருக்கு, வாழ்த்து சொல்லி, 97-க்கு ஆர்டர். நீங்களும் நானும் ஒரு மேசை செய்யக் கொடுத்து ஒன்றரை வருடம் தாமதமானால் ஆசாரியிடம் கட்டிலையும் சேர்த்துச் செய்யச் சொல்ல மாட்டோம். நமக்கு ராஜதந்திரம் போதாது.

தாமதத்துக்குக் காரணம் கேட்டால் எஞ்ஜின் என்பார்கள். அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்திலிருந்து வர வேண்டும், குறித்த காலத்தில் வரவில்லை. நிஜம்தான். சொந்த எஞ்ஜின் என்ன ஆயிற்று? காவேரி என்று பெயர் வைத்து 1989-ல் தொடங்கினார்கள். பெயர் வைத்த ராசியோ என்னவோ, அதுவும் நமக்கு வந்து சேரவில்லை. (கர்நாடகம் தடுத்தது என்று இதற்குச் சொல்ல முடியாது. செய்ததே பெங்களூருவில்தான்.)

இதையெல்லாம் தேசவிரோதி ஒருவன் சொன்னால் கைது செய்யலாம். சொன்னவர் விமானப் படைத் தளபதி. 2025 பிப்ரவரி, பெங்களூரு விமானக் கண்காட்சி. ஏர் சீஃப் மார்ஷல் ஏ.பி. சிங், ஹெச்ஏஎல் பயிற்சி விமானத்தில் உட்கார்ந்தபடியே, உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று அந்த நிறுவனத்தாரிடம் சொன்னது மைக்கில் பதிவாகி நாடெங்கும் ஓடியது. மே மாத இறுதியில் டெல்லியில் தொழிலதிபர்கள் கூடிய மாநாட்டில், குறித்த காலத்தில் முடிந்த ஒரு திட்டத்தைக்கூடத் தன்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை என்றார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே அது வராது என்று பல தடவை தெரிந்திருக்கிறது என்றும் சொன்னார். தெரிந்தே போடுகிற கையெழுத்து. யார் பணம்? போடுகிறவர்களுடையது இல்லை.

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவேன் என்ற கதையைக் கிண்டலுக்குச் சொன்னதாகத்தான் இதுவரை நினைத்திருந்தோம். அதைப் பாதுகாப்புக் கொள்கையாக எழுதி, கோப்பு எண்ணும் போடலாம் என்று தோன்றவில்லை.

வைகுண்டத்தை ஒரு தடவை காட்டியும் விட்டார்கள். 2019 மார்ச் 27. தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருந்தன. முதல் கட்ட வாக்குப்பதிவுக்கு இரண்டே வாரம். நாட்டு மக்களுக்கு முக்கியமான செய்தி சொல்லப்போகிறேன் என்று காலையில் பிரதமர் அறிவித்தார். இந்தியாவில் இந்த அறிவிப்பைக் கேட்ட யாரும் முதலில் விண்வெளியை நினைக்கவில்லை. பர்ஸைத்தான் தொட்டுப்பார்த்தார்கள். சொன்ன நேரத்துக்கு வரவும் இல்லை. டிவிக்கு முன்னால் ஒரு தேசமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் வந்து சொன்னார்: நாம் ஒரு செயற்கைக்கோளைச் சுட்டு வீழ்த்திவிட்டோம். 2,000 ரூபாய் நோட்டு பிழைத்தது என்று நிம்மதியாகச் சாப்பிடப் போனோம்.

சுட்டது யாருடைய செயற்கைக்கோள்? நம்முடையது. மைக்ரோசாட்-ஆர். அந்த ஜனவரியில்தான் பிஎஸ்எல்வியில் வைத்து மேலே அனுப்பியிருந்தோம். இரண்டு மாதம் கழித்து ஒடிசா கடலோரம் அப்துல் கலாம் தீவிலிருந்து ஏவுகணை விட்டு, சுமார் 280 கிலோமீட்டர் உயரத்தில் உடைத்தோம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் சாதனைதான். மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பொருளை நேராக மோதி அடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அதைச் செய்த விஞ்ஞானிகளை யாரும் குறை சொல்லவில்லை. அவர்கள் அறிவிக்க வேண்டியதை வேட்பாளர் ஏன் அறிவித்தார் என்பதுதான் கேள்வி. தேர்தல் ஆணையம் குழு போட்டது. இரண்டு நாளில் விதிமீறல் இல்லை என்று கண்டுபிடித்தது. செயற்கைக்கோளைக் கண்டுபிடித்து அடித்த வேகத்துக்கு இது சற்றும் குறைந்ததில்லை.

துண்டுகள்? 45 நாளில் எல்லாம் விழுந்து எரிந்துவிடும் என்றார்கள். 45 நாள் ஆயிற்று. வாக்கு எண்ணி முடிந்தது. புது அமைச்சரவை பதவியேற்றது. ஒரு வருடம் கடந்தது. சில துண்டுகள் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தன. நம் நாட்டில் தேர்தல் முடிந்த பிறகும் நீடித்த தேர்தல் வாக்குறுதி அது ஒன்றுதான். அடி பட்ட வேகத்தில் 24 துண்டுகள் விண்வெளி நிலையத்தைவிட உயரமான பாதைக்கு ஏறிவிட்டன என்று அப்போதைய நாசா தலைவர் ஜிம் பிரைடன்ஸ்டீன் கொதித்தார். அவர் கொதித்தது நியாயம். ஆனால் அவருடைய நாடு 1985-லும் 2008-லும் இதையே செய்தது. சீனா 2007-ல் 860 கிலோமீட்டர் உயரத்தில் உடைத்த வானிலைச் செயற்கைக்கோளிலிருந்து 3,000-க்கு மேல் துண்டுகள் கிளம்பின. அந்த உயரத்தில் காற்றே கிடையாது என்று சொல்லலாம், ஆகவே பெரும்பகுதி இன்னும் மேலேயே இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரன் குப்பை கொட்டியது தவறு என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி இந்தத் தெருவில் ஒருவருக்கும் இல்லை.

அதனால் ஐ.நா. பொதுச்சபையில் 2022 டிசம்பரில், இப்படி உடைத்துப் பார்க்கும் சோதனைகளை நிறுத்துவோம் என்று ஒரு தீர்மானம் வந்தது. 155 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யா, சீனா உட்பட 9 நாடுகள் எதிர்த்தன. விண்வெளி மனிதகுலம் முழுமைக்கும் சொந்தம், அமைதிக்கு மட்டுமே என்று சலிக்காமல் பேசும் இந்தியா என்ன செய்தது? வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. மனிதகுலம் முழுமைக்கும் சொந்தமானதைப் பற்றி நாம் மட்டும் ஏன் கருத்துச் சொல்ல வேண்டும்?

இதே விமானப் படை 2024 அக்டோபர் 6 ஞாயிற்றுக்கிழமை சென்னை மெரினாவில் சாகசக் காட்சி நடத்தியது. 72 விமானங்கள். காலை 11 மணிக்குத் தொடங்கி நடு மத்தியான வெயிலில். 15 லட்சம் பேரைக் கூட்டிச் சாதனை படைப்பது என்ற இலக்கும் இருந்தது. கூட்டம் வந்தது. சாதனை நடந்தது. மணலில் நிழல் இல்லை. தண்ணீர் தேடி நடந்தார்கள். வேளச்சேரி, சிந்தாதிரிப்பேட்டை ரயில் நிலையங்களில் மூச்சு விட இடமில்லை. ஐந்து பேர் இறந்தார்கள். விமானப் படை கேட்டதைவிட அதிகமாகவே ஏற்பாடு செய்தோம் என்றது மாநில அரசு. குடையும் தண்ணீரும் கொண்டுவரச் சொல்லியிருந்தோம் என்றார்கள். எதிர்க்கட்சிகள் மாநில அரசைச் சாடின, மாநில அரசு கூட்டத்தைச் சாடியது, கூட்டம் வீட்டுக்கு நடந்தது. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து எல்லைக்கு அப்பால் நிற்கும் லாரிகளை எண்ணிச் சொல்கிற ஒரு நாட்டில், காமராஜர் சாலையில் எத்தனை பேருக்கு எத்தனை குழாய் வேண்டும் என்று எண்ணிச் சொல்ல ஒருவர் இல்லை. அன்று வானம் முழுக்க இருந்தது. தரைக்குத்தான் யாரும் பொறுப்பில்லை.

சரி, மேலே உள்ளது எப்படி இருக்கிறது?

கார்கில் போரில் அமெரிக்கா ஜிபிஎஸ் தகவல் தர மறுத்தது, அதனால்தான் சொந்தமாக ‘நாவிக்’ வழிகாட்டி அமைப்பு என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். கேட்கும்போதே புல்லரிக்கும். 2013-ல் முதல் செயற்கைக்கோள் போனது. அதிலிருந்த மூன்று அணுக் கடிகாரங்களும் ஒவ்வொன்றாக நின்றன. வெளிநாட்டுக் கடிகாரங்கள். தற்சார்பின் மணி அங்கே ஓடிக்கொண்டிருந்தது. மாற்றுச் செயற்கைக்கோளை 2017 ஆகஸ்டில் அனுப்பினார்கள். ராக்கெட்டின் மேல்மூடி கழலவில்லை. செயற்கைக்கோள் மூடிக்குள்ளேயே அடைபட்டது. 2025 ஜனவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நூறாவது ராக்கெட் கிளம்பியது. கைதட்டல் அடங்குவதற்குள், அதில் போன என்விஎஸ்-02 செயற்கைக்கோளில் வால்வு திறக்கவில்லை. சேர வேண்டிய பாதைக்குச் சேரவில்லை. 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் கணக்கு வந்தது. இதுவரை அனுப்பியது 11. வழிகாட்டும் வேலையை முழுதாகச் செய்வது 4. திட்டமிட்டது 7.

அதே ஆண்டு மே 18-ல் பிஎஸ்எல்வி-சி61 மூன்றாம் கட்டத்தில் தடுமாறி, இரவிலும் மேகத்தை ஊடுருவியும் படம் எடுக்கும் இஓஎஸ்-09 செயற்கைக்கோளைப் பறிகொடுத்தது. விசாரணைக் குழு போட்டார்கள். அந்த ஆண்டு முடியும்வரை அறிக்கை நம் கண்ணில் காட்டப்படவில்லை. ராக்கெட் தோற்பது அறிவியலில் சகஜம். ஏன் தோற்றது என்று காசு கொடுத்தவனிடம் சொல்லாமலிருப்பது அறிவியலில் சகஜமில்லை. அரசியலில்தான் சகஜம். அந்தப் பழக்கம் ஏவுதளம்வரை ஏறிவிட்டது.

இது வெறும் கௌரவப் பிரச்சினை என்று யாராவது நினைத்தால், பாகிஸ்தானுக்கு எதிராக அதே மே மாதம் நடந்த ஆபரேஷன் சிந்தூரை நினைவூட்டலாம். நாட்டின் பாதுகாப்புக்காகக் குறைந்தது 10 செயற்கைக்கோள்கள் இரவு பகலாக வேலை செய்கின்றன என்றார் இஸ்ரோ தலைவர் வி. நாராயணன். பெருமையாக இருந்தது. ஜூலையில் ராணுவத் துணைத் தளபதி ராகுல் சிங் இன்னொன்று சொன்னார். நம் படைகளின் நடமாட்டத்தைச் சீனா பாகிஸ்தானுக்கு உடனுக்குடன் சொல்லிக்கொண்டிருந்தது. அதாவது எல்லைக்கு அப்பால் இருந்தவனுக்கு நம்மைப் பார்க்க இன்னொருவன் கண் கிடைத்தது. நமக்கு நம் கண் போதவில்லை. 52 உளவுச் செயற்கைக்கோள்கள், ஏறத்தாழ 27,000 கோடி ரூபாய் என்று 2024 அக்டோபரில் அமைச்சரவைக் குழு அனுமதி தந்தது. இது இஸ்ரோவின் ஓராண்டு பட்ஜெட்டைப்போல் இரண்டு மடங்கு. வேண்டிய செலவுதான். 52-ல் 31 தனியார் நிறுவனங்கள் செய்யப்போகின்றன. அதுவும் தவறில்லை. மார்க் 1ஏ வந்த வேகத்தில் இதுவும் வருமா என்று கேட்டால், ரகசியம் என்பார்கள். தாமதம் மட்டும்தான் இந்த நாட்டில் கசிவதே இல்லாத ரகசியம்.

தனியார் என்றதும் உக்ரைன் நினைவுக்கு வருகிறது. 2022 பிப்ரவரி 24, ரஷ்யப் படைகள் எல்லை தாண்டுவதற்குச் சற்று முன் வயாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணையத்தை ஹேக் செய்து முடக்கினார்கள். உக்ரைனுக்கு வைத்த குறி. ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான காற்றாலைகளுக்குத் தொலைக்கண்காணிப்புத் தொடர்பு அறுந்தது. பிறகு எலான் மஸ்கின் ஸ்டார்லிங்க் வந்து உக்ரைனைத் தூக்கி நிறுத்தியது. அதே மஸ்க், கிரிமியா அருகே ரஷ்யக் கப்பல்களைத் தாக்க உதவும்படி சேவையை இயக்கித் தரக் கேட்டபோது முடியாது என்றார். ஜெனரல்கள் போர்த் திட்டம் போட்டார்கள். இறுதி அனுமதி ஒரு வியாபாரியிடம் இருந்தது. ஓட்டுப் போட்டு யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. நம் ஆளும் அதே வாசலில்தான் நின்றார். 1984-ல் ராகேஷ் சர்மாவை சோவியத் யூனியன் ஏற்றிச் சென்றது. 41 வருடம் கழித்து, 2025 ஜூனில் விமானப் படையின் குரூப் கேப்டன் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் போனது மஸ்கின் ராக்கெட்டில், டிக்கெட் வாங்கி. சொந்த வாகனம் ககன்யான். 2022-க்குள் போவோம் என்று 2018-ல் செங்கோட்டையில் சொன்னார்கள். இப்போது 2027 என்கிறார்கள். சுக்லா திறமைசாலி, துணிச்சல்காரர். அவரை வரவேற்கக் கூடியவர்களில் எத்தனை பேர் 2022 என்ற எண்ணை நினைவில் வைத்திருந்தார்கள் என்று தெரியவில்லை.

நம் பங்குக்கு நாமும் சும்மா இல்லை. 2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டு விழா. தமிழக அமைச்சர் ஒருவர் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார். தலைவர்கள் படம் வரிசையாக, அவரவர் அந்தஸ்துக்கு ஏற்ற அளவில், பிசகாமல் இருந்தது. பின்னால் ஒரு ராக்கெட். ராக்கெட்டில் சீனக் கொடி. வடிவமைத்தவர் தவறு என்றார் அமைச்சர். பிரதமர் அதைப் பிடித்துக்கொண்டு தேசபக்தி பேசினார். ஏவுதளத்துக்காக நிலத்தைக் கொடுத்தவர்களைப் பற்றி அந்த வாரம் இரண்டு தரப்பும் பேசவில்லை. 2,000 ஏக்கருக்கு மேல் நிலம். விளம்பரத்தில் முகங்கள் சரியா என்று பத்து பேர் பார்த்திருப்பார்கள். கொடி எந்த நாட்டுடையது என்று பார்க்க பதினோராவது ஆள் இல்லை.

அமெரிக்காவில் இதே கூத்து டாலரில் நடக்கிறது. ரீகன் 1983-ல் விண்வெளியிலிருந்து ஏவுகணைகளைத் தடுப்பேன் என்றார். தடுக்கவில்லை. 2025 மே மாதம் டிரம்ப் ‘கோல்டன் டோம்’ என்ற பெயரில் அதையே மறுபடி அறிவித்தார். 175 பில்லியன் டாலர், மூன்று வருடத்தில் முடியும் என்றார். விண்வெளியில் நிறுத்தும் தடுப்பு ஏவுகணைகளுக்கு மட்டுமே 20 வருடத்தில் 542 பில்லியன்வரை ஆகலாம் என்று அவர்கள் நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமே கணக்குப் போட்டிருந்தது. அங்கே கணக்குப் போடவாவது ஓர் அலுவலகம் இருக்கிறது, போட்ட கணக்கை வெளியே சொல்லவும் செய்கிறது. நமக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. இங்கே தணிக்கை அறிக்கை வருவதற்குள் அமைச்சர் மாறிவிடுவார், செயலாளர் ஓய்வு பெற்றுவிடுவார், விமானத்தின் பெயர்கூட மாறியிருக்கும்.

விமானப் படையின் பெயர் இன்னும் மாறவில்லை. மாறும் என்றே வைத்துக்கொள்வோம். சூலூர், தஞ்சாவூர், தாம்பரம் என்று ஒவ்வொரு தளத்தின் வாசலிலும் பலகையை அழித்து எழுத வேண்டும். ரப்பர் ஸ்டாம்ப், லெட்டர்ஹெட், தோள்பட்டை பேட்ஜ், ஆள்சேர்ப்பு விளம்பரம் எல்லாம் புதிதாக. அதற்கு ஒரு டெண்டர் வரும். அந்த ஒரு டெண்டர் மட்டும் குறித்த தேதிக்குள் முடியும், எழுதித் தருகிறேன். பெயிண்டுக்கு அமெரிக்காவிலிருந்து எஞ்ஜின் வர வேண்டியதில்லை.